வர்க்க அடி அல்ல, சதுர அடி

தில்லியில் இந்தியிலிருந்து தமிழாகி வரும் வீட்டு விளம்பரங்களிலும் பத்திர நகல்களிலும் ‘900 வர்க்க அடி’, ‘83 வர்க்க மீட்டர்’ என்று ஓயாமல் கண்ணில் படுகிறது. இது தவறு. தமிழில் அது சதுர அடி, சதுர மீட்டர்.

நான்கைக் குறிக்கும் ‘சதுர்’ என்ற வடசொல்லின் வழி வந்தது சதுரம். நீளம் ஓரடி, அகலம் ஓரடி உள்ள பரப்பு ஒரு சதுர அடி. அவ்வளவுதான்.

‘பள்ளியில் வர்க்கமூலம் படிக்கவில்லையா, வர்க்கமும் கணக்குச் சொல்தானே’ என்பார்கள். படித்தோம். ஆனால் வர்க்கம் எண்ணுக்கு உரியது: 30இன் வர்க்கம் 900. தரையை அளக்கும்போது கட்டம் கட்டமாகத் தரையையே எண்ணுகிறோம். அதற்கு வடிவத்தைச் சொல்லும் பெயர்தான் பொருந்தும். இந்தியில் ‘வர்க்’ என்ற ஒரே சொல் வடிவத்துக்கும் எண்ணுக்கும் பொது. தமிழில் வர்க்கம் என்றாலோ தொழிலாளர் வர்க்கம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

சதுரமும் வடசொல்தானே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பது நியாயம். நிலப்பரப்பை அளக்க நம் பழைய சொல் குழி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பழைய எண்சுவடியில் குழிமாற்று என்றே ஒரு வாய்பாடு உண்டு. ஆனால் அளவுகோல் ஊருக்கு ஊர் வேறுபட, குழியும் வேறுபட்டது. மெட்ரிக் அளவுக்கு அதைப் பூட்டினால் குழப்பமே மிஞ்சும். சதுரம் இருக்கட்டும்.

கஜத்தில் நடப்பது இன்னும் கொடுமை. இங்கே தரகர் ‘சௌ கஜ்’ என்றால் 100 சதுர கஜம், அதாவது 900 சதுர அடி. பேச்சில் ‘சதுர’ விழுங்கப்பட்டுவிடும். அதை ‘100 கஜ நீள மனை’ என்று தமிழாக்கியிருந்தார் ஒருவர். 100 கஜ நீளம் 300 அடி! ‘30 அடி சதுரம்’ என்பதை ‘30 சதுர அடி’ ஆக்குவதும் இதே கதைதான். முன்னது 900 சதுர அடி மனை. பின்னது ஐந்துக்கு ஆறு குளியலறை.

‘கார்பெட் ஏரியா’வைக் ‘கம்பளப் பரப்பு’ என்றே எழுதுகிறார்கள். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி அது வெளிச்சுவரும் பால்கனியும் நீங்கலாக, உள்தடுப்புச் சுவர்கள் சேர்ந்த பயன்படு தளப்பரப்பு. ‘பயன்படு தளப்பரப்பு’ என்றே எழுதலாமே. சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பவருக்கு எதற்குக் கொடுக்கிறோம் என்பதாவது புரியும்.