‘டாக்’ எங்கே என்று ஒரு பெரியவர் கேட்டால்

மதியச் சாப்பாட்டோடு பீச் பழ டின் வந்தால், அந்தப் பெரியவர் முதலில் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிடுவார். பழம் அப்படியே கிடக்கும். இதயக் கோளாறுக்காக எங்கள் வார்டில் சேர்ந்திருந்தவர், 76 வயது. அமெரிக்காவில் முதியோருக்கான மருத்துவச் சமூகப் பணியாளராக இருக்கும் எனக்கு அவர் கற்றுக்கொடுத்தது நிறைய.

அவர் அமெரிக்காவின் மரைன் படையில், அதாவது கடலிலிருந்து இறங்கித் தரையில் போரிடும் படையில் இருந்தவர். வியட்நாமில் கே சான் என்ற அமெரிக்க முகாமை வட வியட்நாம் படை முற்றுகையிட்டபோது உள்ளே சிக்கியவர், அப்போது வயது 19. 1968 ஜனவரி 21-இல் தொடங்கி 77 நாள் நீடித்த முற்றுகை அது. உள்ளே ஏறக்குறைய 6,000 பேர். சாலை அடைபட்டதால் எல்லாமே வான்வழியாகத்தான் வரவேண்டும். அவர் இருந்தது முகாமுக்கு வெளியே ஒரு குன்றின் மேல். அங்கே தண்ணீருக்கும் ஹெலிகாப்டரைத்தான் பார்த்திருக்க வேண்டும். பீச் டின்னின் சாற்றை ஏன் முதலில் குடிக்கிறார் என்பது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

இரவில் அவர் “டாக், டாக்” என்று கூப்பிடுவார். டாக்டரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, புதிதாக வந்த நர்ஸ் இரண்டு முறை டியூட்டி டாக்டருக்கு போன் செய்துவிட்டார். பெரியவர் தேடியது வேறு ஆளை. படைப்பிரிவோடு கூடவே இருந்து காயத்துக்குக் கட்டுப்போடும் மருத்துவ உதவியாளரை மரைன்கள் ‘டாக்’ என்றுதான் அழைப்பார்கள். மார்ச் மாதத்தில் ஒருநாள் அந்த டாக்குக்கே அடிபட்டது. இவர்தான் தூக்கிப்போய் ஹெலிகாப்டரில் ஏற்றினார். பிழைத்தாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது ஏன் என்று குடும்பத்தார் கேட்பார்கள். நான் பார்த்தவரை, வேலையும் பிள்ளைகளும் இருக்கும்வரை மனம் அந்தப் பக்கம் போகாது. ஓய்வு, மனைவியின் மறைவு, ஒரு பெரிய நோய் என்று வரிசையாக வரும்போது பழசெல்லாம் மேலே வரும். போர் முடிந்தது 1975-இல். போர் தரும் இந்த மனக்காயத்துக்கு ‘பிடிஎஸ்டி’ என்ற பெயர் மருத்துவ நூலில் ஏறியதே 1980-இல்தான். வீடு திரும்பியபோது இவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் நர்ஸாக, டாக்டராக, வீட்டுப் பராமரிப்பாளராக இருக்கும் நம்மவர்கள் பலர். உங்களிடம் ஒரு பெரியவர் பழைய சகாவைக் கேட்டால், “அதெல்லாம் பழைய கதை, தூங்குங்க” என்று சொல்லிவிடாதீர்கள். தூக்கத்தில் இருப்பவரைத் தொட்டு எழுப்பவும் வேண்டாம். கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று மட்டும் கேட்கவே கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு காதில் விழுந்தால் காத்திருக்காமல் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். படைவீரர்களுக்கான உதவி எண் அது.

சரி, தேடுவது எப்படி? முதல் சிக்கல், பலருக்குக் கூட இருந்தவரின் பட்டப்பெயர் மட்டுமே தெரியும். வியட்நாமில் மரைன்களுக்கு 13 மாதப் பணிக்காலம். ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தனித்தனியாகத் திரும்பினார்கள். அதனால் பெயரைக் கேட்டு வற்புறுத்தாமல் பட்டாலியன், அதற்குள் எந்தக் கம்பெனி (சிறு படைப்பிரிவு), சொந்த ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தேதியை நேராகக் கேட்டால் வராது. டாக்குக்கு அடிபட்ட நாள் இவருடைய தங்கையின் பிறந்தநாள். அதைப் பிடித்துத்தான் தேதிக்கு வந்தோம்.

படைவீரர்களின் கோப்புகள் இருந்த செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973-இல் பிடித்த தீயில் எல்லாம் போய்விட்டது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அதில் எரிந்தவை பெரும்பாலும் தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். மரைன் கோப்புகள் தப்பின. வியட்நாம் கால மரைன் பிரிவுகளின் மாதாந்திர அறிக்கைகளை டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் வியட்நாம் ஆவணக் காப்பகத்தில் இணையத்திலேயே படிக்கலாம்.

எங்களுக்கு வழி திறந்தது இன்னொரு விஷயத்தில். மரைன் படைக்கென்று சொந்த மருத்துவப் பிரிவு கிடையாது, ‘டாக்’ எல்லோரும் கடற்படையினர். பெரியவரின் மகன் பல வருடம் மரைன் பட்டியல்களிலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

வியட்நாம் போரில் இறந்தவர்கள், காணாமல்போனவர்களுக்கான வாஷிங்டன் நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் தேதி வரிசையில் இருக்கின்றன. காயம்பட்டுப் பின்னர் இறந்தவரின் பெயரும் காயம்பட்ட நாளின் கீழேதான் வரும். அந்த நாளுக்கு நேரே கடற்படைப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். டாக்கின் மாநிலத்துக்காரர் ஒருவரும் இல்லை. பெரியவர் என்னை மறுபடியும் படிக்கச் சொன்னார். மூன்றாவது முறை படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். அன்று இரவு யாரையும் கூப்பிடவில்லை என்று நர்ஸ் சொன்னார்.

அதன்பின் கே சான் வீரர்களின் சங்கம் வழியாக ஒரு கடிதம் போட்டோம். முகவரியைக் கண்டுபிடித்து நேரே போய்க் கதவைத் தட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த நாட்களை நினைக்கவே விரும்பாதவர்களும் உண்டு. பதில் போடுவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவாக இருக்கட்டும்.

ஏழு வாரம் கழித்து டாக்கின் மகளிடமிருந்து போன் வந்தது. அப்பா பிழைத்து வந்து, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி பார்த்து, சில வருடங்களுக்கு முன்புதான் காலமானார் என்றார். போரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். “அப்பா அங்கே எப்படி இருந்தார்?” என்று கேட்டார். பெரியவர் முக்கால் மணி நேரம் பேசினார், இடையில் ஒருமுறைகூட ஆக்சிஜன் குழாயைத் தேடவில்லை. பீச் டின்னைப் பற்றிச் சொன்னபோது அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பிறகு மகள் சொன்னார்: “அப்பாவும் சாற்றைத்தான் முதலில் குடிப்பார். பழத்தை எனக்குக் கொடுத்துவிடுவார்.”