கவண்கல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வடிவம், சுழற்சி, சில எச்சரிக்கைகள்

மொரிசியசில் கவண் பழக வரும் பிள்ளைகள் குனிந்தால் கையில் கிடைப்பது எரிமலைக் கல்தான். பாதிக் கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் பல கற்களில் குமிழ்த் துளைகள் இருக்கும். ஒரு பக்கம் துளையும் மறுபக்கம் கெட்டியுமாக இருந்தால் எடை நடுவில் நிற்காது; கல் தள்ளாடிக்கொண்டே பறக்கும். சமதளமான டைல்ஸ் தரையில் நாலைந்து முறை உருட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தக் கல் வேண்டாம். ஆற்றில் உருண்டு வழவழப்பான, துளையில்லாத கல்லே நல்லது. சமையலறைத் தராசில் 50 முதல் 70 கிராம் வரை இருக்கட்டும். ஒரே பையில் உள்ள கற்களுக்குள் 5 கிராமுக்கு மேல் வித்தியாசம் கூடாது. கை ஓர் எடைக்குப் பழகியபின் அடுத்த கல் கனத்தால் முடிச்சை (கவணைச் சுற்றியபின் கைவிடும் கயிற்று நுனியை) விடும் தருணம் பிசகிவிடும்.

எடை ஒன்றாக இருந்தாலும் பருமன் வேறானால் பறப்பும் வேறு. 60 கிராம் உருண்டை ஈயத்தில் சுமார் 2.2 செ.மீ. குறுக்களவு வரும், துளையில்லாத எரிமலைக் கல்லில் 3.4, காய்ந்த களிமண்ணில் கிட்டத்தட்ட 4. நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் காற்றின் தடை எரிமலைக் கல்லின் எடையில் பாதியைத் தாண்டும், ஈயத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். டென்னிஸ் பந்தும் ஏறக்குறைய அதே எடைதான், ஆனால் 6.5 செ.மீ. பருமனும் மேலிருக்கும் ரோமமும் அதைச் சீக்கிரம் நிறுத்திவிடும். புதிதாகப் பழகுகிறவருக்கு அதையே கொடுப்பதும் அதனால்தான். ஈயத்தை வீட்டில் உருக்காதீர்கள், அது நஞ்சு.

தட்டைக் கல் கவணுக்கு ஆகவே ஆகாது. காற்று அதைத் தூக்கும், சாய்க்கும், பக்கவாட்டில் வளைக்கும். எந்தப் பக்கம் போகும் என்று எறிந்தவருக்கே தெரியாது.

நீண்ட கல் தானாகவே முனையை முன்னே நீட்டிப் பறக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. காற்றின் அழுத்தம் எடைமையத்துக்கு முன்னால் விழுவதால் கல் குறுக்காகத் திரும்பிக்கொள்ளும், தடை பல மடங்காகும். நீள அச்சைச் சுற்றி வேகமாகச் சுழன்றால்தான் முனை முன்னே நிற்கும். கிரேக்கரும் ரோமரும் வாதுமைக்கொட்டை வடிவில் வார்த்த ஈயக் குண்டுகளுக்கும் இது பொருந்தும். ('வாங்கிக்கொள்' என்று பொறித்த குண்டுகளும் கிடைத்திருக்கின்றன, எதிரிக்குச் சொன்ன வாழ்த்து!) வால் இருந்தால் சுழற்சி இல்லாமலே நேராகப் போகும். கவணில் எறிந்து 1981இல் 52 கிராம் கல் 437 மீட்டர் போனது. 1992இல் வாலுள்ள 62 கிராம் உலோக அம்பு 477 மீட்டர் எட்டியது.

சுழற்சி இரண்டு வழியில் வருகிறது: கவண் சுற்றும் சுற்றிலிருந்து கொஞ்சம், முடிச்சை விட்டதும் கல் தொட்டிலில் (இரு கயிறுகளுக்கு நடுவே கல்லை வைக்கும் இடத்தில்) உருண்டு வெளியேறுவதிலிருந்து கொஞ்சம். கல்லின் மேற்பக்கம் பின்னோக்கிச் சுழன்றால் காற்று தூக்கிப் பிடிக்கும். முன்னோக்கிச் சுழன்றால் சட்டென்று இறங்கும். பக்கவாட்டுச் சுழற்சி வளைக்கும். எது நடக்கிறது என்று ஊகிக்க வேண்டாம். கல்லின் பாதியில் சுண்ணாம்பு பூசி, கைபேசியில் நொடிக்கு 240 பிரேம் வைத்துப் பக்கத்திலிருந்து படமெடுங்கள். 24 பிரேமில் ஒரு சுற்று என்றால் நொடிக்குப் பத்துச் சுற்று. எறிக்கு எறி சுழற்சி மாறினால் முதலில் தொட்டிலைப் பாருங்கள்: கல் அதன் நடுவில் உட்காரவில்லை, அல்லது இரண்டு கயிறும் ஒரே நீளம் இல்லை.

ஒரே மாதிரிக் கற்கள் வேண்டுமென்றால் களிமண்ணில் உருட்டுவதே சுலபம். ஈரத்தில் 75 கிராம் எடுத்தால் காய்ந்தபின் ஏறத்தாழ 60 நிற்கும். நிழலில் ஒரு வாரம் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து வெடிக்கும். சுடாத உருண்டை பாறையில் பட்டதும் பொடியாகிவிடும் என்பதால் தெறிக்கும் ஆபத்து குறைவு. ஆனால் தென்கிழக்குக் காற்று வீசும் நாளில் கல்லைவிட அதிகமாக விலகும்.

கரும்பு நிற்கும் தோட்டத்துப் பக்கம் எறியவே கூடாது. உள்ளே வேலை செய்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். அறுவடை முடிந்த வயலிலும் குவித்து வைத்த கல்மேட்டை நோக்கி எறியாதீர்கள், கல் திரும்பி வரும். முன்னால் குறைந்தது 200 மீட்டர் வெட்டவெளி வேண்டும். முடிச்சை விடும் நேரம் தவறினால் கல் பின்னாலும் பறக்கும். பார்ப்பவர்கள் எறிபவருக்குப் பின்னால் 30 மீட்டராவது தள்ளி, மரம் அல்லது சுவரின் மறைவில் நிற்கட்டும்.