சாக்கா, சூறையா? அமெரிக்கக் கால்பந்தில் ஒரு சொல்லின் கதை

அமெரிக்கக் கால்பந்தில் 'சாக்' என்று ஒரு சொல் உண்டு. அதை அப்படியே ஒலிபெயர்த்துப் பன்மை விகுதியும் சேர்த்து, 'நேற்றைய ஆட்டத்தில் மூன்று சாக்குகள்' என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் கண்முன் விளையாட்டரங்கம் வராது, அரிசி மண்டி வந்து நிற்கும். அது முழுப் பிழையும் இல்லை. மண்டியில் அடுக்கியிருக்கும் கோணிச் சாக்குக்கும் இந்த ஆட்டச் சொல்லுக்கும் உறவு இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். தாக்கும் அணியில் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று கண நேரத்தில் முடிவுசெய்து எறிகிறவர் குவாட்டர்பேக். அந்த அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படும். அவற்றுக்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும். எறிவதற்காகக் கையை உயர்த்தியபடி ஆள் தேடிக்கொண்டிருக்கும் குவாட்டர்பேக்கை, ஆட்டம் தொடங்கிய கோட்டைத் தாண்ட விடாமல், அவருடைய பக்கத்திலேயே மண்ணில் சாய்த்துவிட்டால் அதுதான் 'சாக்'. ஒரு வாய்ப்பு வீணாகும். அத்துடன், விழுந்த இடம் எத்தனை கெஜம் பின்னால் இருக்கிறதோ அத்தனை கெஜமும் நட்டம். ஆடுகளத்தின் தன் பக்கக் கடைசியிலுள்ள எல்லைப் பகுதிக்குள்ளேயே விழுந்தால் எதிரணிக்கு இரண்டு புள்ளிகள் வேறு. அவர் எறியும் எண்ணமே இல்லாமல், திட்டமிட்டுப் பந்தோடு ஓடும்போது பிடிபட்டால் அதற்கு இந்தப் பெயர் இல்லை. எறிய வந்தவனை எறிய விடாமல் செய்வதே இதன் உயிர்.

இந்தச் செயலுக்கு 1960களுக்கு முன் தனிப்பெயர் இல்லை. 'பந்தெறிய முயன்றபோது இழப்புடன் வீழ்த்தப்பட்டார்' என்பதுபோல நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெயர் வைத்தவர் என்று பெரும்பாலோர் கைகாட்டுவது, அந்தச் செயலையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவரை: லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் டீக்கன் ஜோன்ஸ்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். 1938இல் ஃப்ளோரிடாவின் ஈட்டன்வில்லில் பிறந்தவர். கறுப்பின மக்கள் தமக்கென்று உருவாக்கி, 1887இல் சட்டப்படி பதிவுசெய்துகொண்ட ஊர் அது. கல்லூரியில் படிக்கும்போது கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக உதவித்தொகை பறிபோனது. வேறு கல்லூரிக்குப் போனார். ராம்ஸ் அணிக்காக ஆள் தேடியவர்கள் வேறு ஒரு வீரரைப் பார்ப்பதற்காகப் படச்சுருளை ஓட்டியபோது, அந்த வீரரைத் துரத்தி ஓடிய பேருருவம் ஒன்று கண்ணில் பட்டது என்பார்கள். அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் 1961ஆம் ஆண்டுத் தேர்வில், பதினான்காம் சுற்றில்தான் அவரை எடுத்தார்கள். சந்தை கலையும் நேரத்தில் மிச்சக் காயை அள்ளுவதுபோன்ற சுற்று அது.

இயற்பெயர் டேவிட் ஜோன்ஸ். தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்தால் பக்கம் பக்கமாக டேவிட் ஜோன்ஸ்கள்; அந்தப் பெயரை யார் நினைவில் வைப்பார்கள் என்று தாமே 'டீக்கன்' என்று சூட்டிக்கொண்டார். இதுவும் ஒரு சொல் விளையாட்டுத்தான். டீக்கன் என்பது தேவாலயத்தில் பணிவிடை செய்கிறவர்; கிரேக்க மூலத்தில் 'ஊழியன்' என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் 'திருத்தொண்டர்' என்கிறார்கள், பழைய தமிழ் வேதாகமம் 'உதவிக்காரர்' என்கிறது. எலும்பு நொறுங்கும் ஆட்டத்தில் சாந்தமான கோயில் பெயர். முரண்பட்டு நிற்பதாலேயே அது மனத்தில் தங்கும் என்று கணக்குப் போட்டவர் அவர். ஆள் ஆறரை அடிக்கு ஓர் அங்குலம் மட்டுமே குறைவு.

அவரும் மெர்லின் ஓல்சன், ரோஸி கிரியர், லாமர் லண்டி ஆகியோரும் சேர்ந்த தற்காப்பு முன்வரிசையை ரசிகர்கள் 'ஃபியர்சம் ஃபோர்சம்' என்றார்கள்: அச்சுறுத்தும் நால்வர். (நமக்கு 'நால்வர்' என்றதும் தேவாரமும் திருவாசகமும் நினைவுக்கு வந்துவிடும். அந்த நால்வர் கல்லையும் கரைத்தார்கள். இந்த நால்வர் எதையும் கரைக்கிற வகை இல்லை.) ஜோன்ஸின் தனி ஆயுதம் தலையறை. தம்மைத் தடுக்க எழும் எதிராளியின் தலைக்கவசத்தில் விரித்த கையால் பளீரென்று ஓர் அறை. கண் இமைத்துத் திறப்பதற்குள் மனிதர் அவரைக் கடந்து போயிருப்பார். அதைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. கேட்டபோது, ஓவியக் கலையையும் ரெம்பிரான்ட் கண்டுபிடிக்கவில்லையே என்று சொல்லி வைத்தார். அவர் ஓய்வுபெற்று மூன்று ஆண்டுகளுக்குள், 1977இல், அந்த அறையையே தேசிய கால்பந்து லீக் தடைசெய்தது.

இனி சொல்லுக்கு வரலாம். ஏன் 'சாக்' என்று கேட்டவர்களுக்கு ஜோன்ஸ் தந்த விளக்கத்தில் இரண்டு படங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, நகரத்தைப் படை புகுந்து அழிப்பது. மற்றது, எதிரணி ஆட்களையெல்லாம் ஒரே கோணிக்குள் போட்டுக் கட்டி, பேஸ்பால் மட்டையை எடுத்துக் கோணியின் மேல் விளாசுவது. மூன்றாவதாக ஒரு கதையும் உண்டு. அது பயிற்சியாளர் ஜார்ஜ் ஆலனைப் பற்றி, அவரிடம் பணியாற்றிய மார்வ் லெவி சொன்னது. டல்லாஸ் அணியின் குவாட்டர்பேக் பெயர் மார்ட்டன். மார்ட்டன் என்பது அமெரிக்கச் சமையலறைகளில் புகழ்பெற்ற உப்பின் பெயரும்கூட. 'அந்த மார்ட்டன் உப்பை எடுத்துச் சாக்கில் கொட்டிக் கட்டப்போகிறோம்' என்று ஆலன் பேசினாராம். மூன்றில் எது முந்தியது என்று அடித்துக்கொள்ள வேண்டாம் என்பேன். சொல்லின் வேர் வரைக்கும் போனால் மூன்றும் ஒரே பைக்குள் வந்துவிடுகின்றன.

ஆங்கிலத்தில் பை என்ற பொருளுள்ள 'சாக்', லத்தீன் 'சக்குஸ்', கிரேக்க 'சக்கோஸ்' வழியாக வந்தது. அதற்கும் அப்பால் செமிட்டிய மொழிகள் நிற்கின்றன, எபிரேயத்தில் 'சக்'. முரட்டு நாரில் நெய்த துணிக்கும் அந்தத் துணியில் தைத்த பைக்கும் ஒரே பெயர். கொள்ளை என்ற பொருள் பின்னால் வந்தது. நகரம் வீழ்ந்ததும் வீரர்கள் அகப்பட்டதையெல்லாம் பையில் அள்ளிப் போவார்கள். ஆகவே இத்தாலியத்தில் 'சாக்கோ' என்பது கொள்ளைக்கே பெயரானது. 1527இல் ஐந்தாம் சார்லசின் படை ரோமுக்குள் புகுந்து செய்த கொடுமையை இத்தாலியர் 'சாக்கோ தி ரோமா' என்றே குறிக்கிறார்கள். பிரெஞ்சு வழியாக அந்தப் பொருள் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆக, நகரத்தைக் காட்டினாலும் கோணியைக் காட்டினாலும் ஜோன்ஸ் ஒரே சொல்லின் இரண்டு முனைகளைத்தான் பிடித்திருந்தார். அவருக்கு லத்தீன் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. காது நல்ல காது.

தமிழில் நாம் சொல்லும் 'சாக்கு', ஐரோப்பியர் வணிகத்தோடு வந்து ஒட்டிக்கொண்ட அதே சொல். யோசேப்பு தன் சகோதரர்களின் தானியச் சாக்குகளுக்குள் அவரவர் பணத்தைத் திருப்பி வைக்கச் சொல்லும் இடத்தில், தமிழ் வேதாகமம் 'சாக்கு' என்றே எழுதுகிறது. எபிரேய மூலத்தில் அங்கே இருப்பது 'சக்'. ஊர் ஊராகச் சுற்றிய சொல் தன் பிறந்த வீட்டையே எதிரே பார்த்துக்கொள்ளும் இடம் அது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை சொல்லும் 'சாக்கு' வேறு. அதை இதில் சேர்க்கக் கூடாது.

சரி, ஆட்டத்தின் 'சாக்'கைத் தமிழில் எப்படிச் சொல்வது? உறவுமுறை இருக்கிறது என்பதற்காகச் 'சாக்கு' என்றே வைத்துக்கொள்ள முடியாது. தமிழ்ச் சாக்கு பையாக மட்டும் வந்து சேர்ந்தது, கொள்ளை என்ற பொருளைக் கப்பலிலேயே விட்டுவிட்டது. 'மூட்டை கட்டினார்' என்று எழுதினால் ஊரைவிட்டுப் போகிறார் என்றாகிவிடும். 'வீழ்த்தினார்' என்பது கையருகே கிடைக்கும் சொல். ஆனால் விக்கெட்டும் வீழ்கிறது, அணியும் வீழ்கிறது, ஆட்சியும் வீழ்கிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் கலைச்சொல் ஆகாது. 'மடக்கிப் பிடித்தார்' என்பது கபடிக்குச் சொந்தம், அழகான சொல்லும்கூட. ஆனால் அதில் பிடி இருக்கிறதே தவிர நாசம் இல்லை. 'பின்கோட்டு வீழ்ச்சி' என்பதுபோல் கூட்டுச்சொல் கட்டலாம். எந்த ரசிகனும் அதைச் சொல்லிக் கத்த மாட்டான்.

என் தேர்வு சூறை.

சூறை என்றால் கொள்ளை. சூறையாடுதல், சூறைகொள்ளுதல் என்று வினையும் ஆகும். சூறை என்றால் சுழன்றடிக்கும் காற்றும்கூட. இந்த இரண்டாம் பொருள் ஆங்கிலச் சொல்லில் இல்லாத கொடை. தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நின்று, தடுப்பவரைச் சுற்றி வளைந்து, குவாட்டர்பேக்கின் முதுகுப்பக்கம் வந்து இறங்கும் ஆட்டக்காரனின் ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சூறைக்காற்று என்பது உவமையாகவே தோன்றாது. நகரழிப்பு என்று ஜோன்ஸ் சொன்னதும் இதற்குள் அடங்கும். நம் புறத்திணை மரபில் கோட்டையை வளைப்பதற்கு உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பதற்கு நொச்சி என்றும் பூவைத்துப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். குவாட்டர்பேக்கைச் சுற்றி ஐந்து பேர் அரண் கட்டி நிற்பதும், நான்கு பேர் அதை உடைக்க வருவதும் நொச்சியும் உழிஞையும்தான். அந்த அரணின் உட்புறத்தை அமெரிக்கர்கள் 'பாக்கெட்' என்கிறார்கள். அதுவும் பைதான், சின்னப் பை.

கிரிக்கெட்டில் 'பந்துவீச்சைச் சூறையாடினார்' என்று ஏற்கெனவே எழுதிவருகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே அது அலங்காரம், கணக்கில் ஏறாது. இங்கே எண்ணிக்கைப் பெயராக வேண்டும். அதனால் 'சூறையாடினார்' என்பதை அவர்களுக்கே விட்டுவிட்டு, 'சூறைகொண்டார்' என்பதை எடுத்துக்கொள்ளலாம். 'ஓர் ஆட்டத்தில் மூன்று சூறை', 'பருவத்தில் பதினான்கு சூறை' என்றெல்லாம் தடங்கலின்றி வருகிறது. இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி என்று பகிர்ந்துகொடுப்பது வழக்கம். 'அரைச் சூறை' என்பதைத் தமிழ்க் காது மறுக்கவில்லை. செய்தித் தலைப்பிலும் இரண்டு எழுத்தில் அடங்குகிறது.

கணக்கு என்றதும் ரசிகர்களின் பழைய மனக்குறையைச் சொல்லாமல் போக முடியாது. தேசிய கால்பந்து லீக் ஒவ்வொரு வீரர் பெயரிலும் சூறையை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல். ஜோன்ஸ் ஆடியது 1961 முதல் 1974 வரை: ராம்ஸில் பதினொரு பருவங்கள், சான் டியாகோவில் இரண்டு, வாஷிங்டனில் ஒன்று. ஆகவே லீக்கின் ஏட்டில், இந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவருக்கு ஒரு சூறைகூட இல்லை. பழைய ஆட்டக் குறிப்புகளையும் படச்சுருள்களையும் ஆண்டுக்கணக்கில் கிளறிய ஜான் டர்னி, நிக் வெப்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்களின் உழைப்பால் 1960 வரை பின்னோக்கிச் செல்லும் எண்ணிக்கை 2021இல் ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் புள்ளிவிவரத் தளத்தில் வெளியானது. அதன்படி ஜோன்ஸுக்கு 173.5. அவருக்கு மேலே இருப்பவர்கள் இருவர்தான்: 200 எடுத்த புரூஸ் ஸ்மித், 198 எடுத்த ரெஜி வைட். 1964, 1968 ஆகிய இரு பருவங்களில் ஜோன்ஸுக்கு 22 வீதம் கிடைக்கிறது. அப்போது பருவத்துக்கு 14 ஆட்டங்களே. 2001இல் மைக்கேல் ஸ்ட்ராகன் 22.5 எடுத்துச் சாதனை படைத்தது 16 ஆட்டங்களில். இந்த ஒப்பீட்டைச் சொல்லாமல் ராம்ஸ் அணியின் மூத்த ரசிகர் எவரும் பேச்சை முடிக்க மாட்டார். அவர்கள் பக்கம்தான் நானும்.

லீக்கும் ஒருவகையில் கடனைத் தீர்த்தது. 1980இல் புகழ்க் கூடத்தில் சேர்த்தார்கள். 75 என்ற அவருடைய எண்ணை 2009இல் ராம்ஸ் அணி வேறு யாருக்கும் தராமல் நிறுத்திவைத்தது. 2013 ஜூன் 3ஆம் தேதி, 74ஆம் வயதில் அவர் காலமான பிறகு, அந்த ஆண்டே 'டீக்கன் ஜோன்ஸ் விருது' ஏற்படுத்தப்பட்டது. பருவத்தில் மிக அதிகச் சூறை கொள்பவருக்கு அது.

கடைசியாக ஒரு கிளைச்சொல். சூறைகொள்ளும்போதே குவாட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தையும் தட்டிவிடுவது உண்டு. 'ஸ்ட்ரிப் சாக்' என்பார்கள். பந்து தரையில் எங்கோ தெறித்து ஓடும், இரண்டு அணியினரும் விழுந்தடித்துப் பொறுக்கப் பாய்வார்கள், கைக்குக் கிடைத்தவனுக்குச் சொந்தம். இதற்குத் தமிழ் தேடி நான் அதிக நேரம் செலவிடவில்லை. கோயில் வாசலில் ஓங்கி உடைத்ததும் சில்லு சில்லாகச் சிதறி, சுற்றி நிற்கும் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்கும் அந்தத் தேங்காய்க்கு என்ன பெயர்? சூறைத்தேங்காய்.