சம்மர் ஃபெலோஷிப்புக்கு நம்ம கவர்மென்ட் காலேஜ் பசங்களும் அப்ளை பண்ணணும்

நான் ஒரு அரசு கலைக் கல்லூரியில கெமிஸ்ட்ரி எடுக்கறேன். எங்க பசங்கள்ல நிறைய பேர் அவங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு, பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், ரிசர்ச்னு சொன்னாலே "அதெல்லாம் ஐஐடி பசங்களுக்கு சார்"னு ஒதுங்கிடுவாங்க.

பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமி, டெல்லி இந்திய தேசிய அறிவியல் அகாடமி (இன்சா), பிரயாக்ராஜ் தேசிய அறிவியல் அகாடமி (நாசி), இந்த மூணும் சேர்ந்து வருஷா வருஷம் சம்மர் ரிசர்ச் ஃபெலோஷிப் குடுக்கறாங்க. ரெண்டு மாசம் ஒரு விஞ்ஞானியோட லேப்ல வேலை, ஸ்டைபண்ட் உண்டு, ரயில் காசும் உண்டு.

என் கிளாஸ் பொண்ணு ஒண்ணு அப்படிப் போச்சு. முதல் வாரமே ராத்திரி போன் பண்ணி அழுகை, "எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசறாங்க சார், எனக்கு மைக்ரோபிப்பெட் கூட புடிக்கத் தெரியல, வந்துடறேன்". எங்க லேப்ல கண்ணாடி பிப்பெட்தான், அது என்ன பண்ணும் பாவம். மைக்ரோபிப்பெட்னா பட்டனை அமுக்கி ரொம்பக் கொஞ்சமா திரவத்தை அளந்து எடுக்கற கருவி. அந்த பட்டன்ல ரெண்டு ஸ்டாப் இருக்கும், முதல் ஸ்டாப் வரைக்கும் அமுக்கி எடுக்கணும், வெளிய விடறப்பதான் ரெண்டாவது வரைக்கும் போகணும், இந்தப் பொண்ணு எடுக்கறப்பவே அடி வரைக்கும் அமுக்கி அளவெல்லாம் கூடிப் போச்சு. அங்க இருந்த பிஎச்டி அக்கா ஒருத்தங்க திட்டாம, 100 மைக்ரோலிட்டர் தண்ணி எடுத்துத் தராசுல வை, 100 மில்லிகிராம் வர்ற வரைக்கும் செய்னு சொல்லிட்டாங்க. மூணாவது நாள் பத்து தடவையும் 99, 100, 101க்குள்ள நின்னுச்சு, ஒவ்வொரு நம்பரா எனக்குப் போன்ல வாசிச்சுக் காட்டுச்சு. அப்புறம் ஊருக்கு வர்ற பேச்சே இல்ல.

நம்ம ப்ராக்டிகல்ல, குடுத்த உப்பு எதுன்னு கண்டுபிடிக்கற சால்ட் அனாலிசிஸ்னா விடை முன்னாடியே எங்க கையில இருக்கு. அங்க கைடுகிட்ட ரிசல்ட்டைக் காட்டி "இது சரியா சார்"னு கேட்டிருக்கு, அவர் "எனக்கும் தெரியாதும்மா, நீதான் பாத்துச் சொல்லணும்"னாராம். இந்த ஒரு வார்த்தை குடுத்த தெம்பை நான் மூணு வருஷம் கிளாஸ்ல தொண்டை கிழியக் கத்தியும் குடுக்க முடியல. திரும்பி வந்ததும் செமினாருக்கு வந்த ஒரு பேராசிரியர்கிட்ட எந்திரிச்சு "பிளாங்க் ரீடிங் எடுத்தீங்களா சார்"னு தமிழ்லயே கேட்டுச்சு (சாம்பிள் இல்லாம எடுத்து ஒப்பிட்டுப் பாக்கற அளவுதான் பிளாங்க்), அதுவரைக்கும் கடைசி பெஞ்சு.

அப்ளிகேஷன் ஆன்லைன்ல, வழக்கமா அக்டோபர் நவம்பர்லயே முடிஞ்சிரும், நம்ம பசங்க ஏப்ரல்லதான் கேக்கறாங்க. என்ன செய்ய ஆசைன்னு எழுதறதை நெட்ல காப்பி அடிக்காதீங்க, உங்க ஊர்த் தண்ணி ஏன் உப்பா இருக்குன்னு தோணுச்சுன்னா அதையே எழுதுங்க. ஆசிரியர்கள்கிட்ட ஒரு வேண்டுகோள், சிபாரிசுக் கடிதத்துல "நல்ல மாணவி, கடின உழைப்பாளி"ன்னு எல்லாருக்கும் ஒரே வரி போடாம, அந்தப் புள்ள லேப்ல தானா என்ன செஞ்சுச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க.