மடைவாய் வயலும் மனநல ஆய்வும்

புது நெல் ரகம் எது வந்தாலும் என் பெரியப்பா அதை மடைவாய்க்குப் பக்கத்து வயலில்தான் நடுவார். போகவர கண்ணில் படும், தண்ணீரும் முதலில் அங்கேதான் பாயும். அறுவடையில் அந்த வயல் இரண்டு மூட்டை கூடக் காணும். "நல்ல ரகம்டா" என்பார். பழைய ரகத்தையே அங்கே நட்டிருந்தாலும் இரண்டு மூட்டை கூடத்தான் கண்டிருக்கும் என்று எனக்கு உறைக்க வெகுநாள் ஆனது.

பிள்ளைகளுக்கான உளவியல் சிகிச்சைகளை ஆராய்கிறவர்கள் மல்லுக்கட்டுவதும் இந்த மடைவாய் வயலோடுதான்.

திருவாரூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். நவம்பரில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் மனநிலையைக் கேள்வித்தாள் வைத்து அளக்கிறோம். அடைமழை, சம்பா பயிர் தண்ணீரில் நிற்கிறது, வீட்டில் எந்நேரமும் கடன் பேச்சு, அரையாண்டுத் தேர்வு வேறு. ரொம்பச் சோர்ந்திருக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஓர் ஆலோசகர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிறார். பிப்ரவரியில் மறுபடி அளந்தால் சோர்வு நன்றாகவே குறைந்திருக்கிறது. பேச்சு பலித்ததா? அதற்குள் தேர்வு முடிந்துவிட்டது, பொங்கல் போய்விட்டது, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணமும் வந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. ஒருவர் மிக மோசமாக இருந்த நாளில் பிடித்து அளந்தால், அடுத்த முறை அளவு தானாகவே கொஞ்சம் இறங்கித்தான் வரும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வைத்தியரிடம் போகிறோம், அப்புறம் குறைந்த காய்ச்சலுக்கெல்லாம் அவரே காரணம் என்கிறோமே, அதே கதை.

ஆகவே 'முன்பு, பின்பு' கணக்கு மட்டும் போதாது. அதே மழையில் நனைந்து, அதே பொங்கலைக் கொண்டாடி, அந்த ஆலோசனை மட்டும் கிடைக்காத இன்னொரு கூட்டம் வேண்டும். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்பதை ஆசிரியரோ ஆய்வாளரோ முடிவு செய்யக் கூடாது. செய்தால் மடைவாய்ப் பாசம் வந்துவிடும். சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். இந்த யோசனை பிறந்ததே வயலில்தான். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் 1920-களில் பாத்திகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கச் சொன்னார். மருத்துவத்தில் அது ஆழமாகக் கால் ஊன்றியது 1948-ல் வெளியான காசநோய் மருந்துச் சோதனைக்குப் பிறகு. நம் ஊர் ஆடுதுறையில் 1922-ல் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. இன்று ஒரு ரகம் விவசாயி கைக்கு வருமுன் இப்படிக் குலுக்கிப் பிரித்த பாத்திகளில்தான் தேறி வருகிறது.

வயலில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு பாத்தியில் போட்ட யூரியா வரப்பு ஓட்டை வழியாகப் பக்கத்துப் பாத்திக்குக் கசிந்துவிடும். வகுப்பறையிலும் கசியும். ஆலோசனைக்குப் போய்வந்தவள் மதியம் சாப்பிடும்போதே தோழியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவாள். தோழி ஒப்பீட்டுக் குழுவில் இருந்தால் கணக்கு கெட்டது. அதனால் பல ஆய்வுகளில் பிள்ளைகளைக் குலுக்காமல் பள்ளிகளையே குலுக்குகிறார்கள். அதற்கும் விலை உண்டு. ஒரே பள்ளிப் பிள்ளைகள் பல விதத்தில் ஒன்றுபோல் இருப்பதால், அதே அளவு உறுதி கிடைக்க இன்னும் நிறையப் பிள்ளைகளும் பள்ளிகளும் வேண்டும்.

சரி, இதுவரை நெல்லும் பிள்ளையும் ஒன்று. இனிமேல்தான் வேறுபடுகிறது. தான் எந்தப் பாத்தியில் நிற்கிறோம் என்று நாற்றுக்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியும். 'நம்மை யாரோ கவனிக்கிறார்கள்' என்பதே பாதித் தெம்பைக் கொடுத்துவிடும். மாத்திரையென்றால் பார்க்க அப்படியே இருக்கும் வெற்று மாத்திரையைத் தரலாம். வெற்றுப் பேச்சை எப்படித் தயாரிப்பது? ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஏதாவது உருப்படியாகக் கொடுப்பது ஒரு வழி. கென்யாவில் ஷமீரி என்ற மாணவர் மனநலத் திட்டத்தைச் சோதித்தபோது, மறுபாதி மாணவர்களுக்குப் படிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதே எண்ணிக்கையில் கூட்டம், அதே மாதிரி இளைஞர்கள்தான் நடத்தினார்கள். உள்ளடக்கம் மட்டும் வேறு. 2021-ல் வந்த முடிவில், சோர்வும் பதற்றமும் ஷமீரி பக்கம்தான் கூடுதலாகக் குறைந்திருந்தன.

நமக்கு நெருக்கமானது டெல்லி அரசுப் பள்ளிகளில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வு. 250 மாணவர்கள். பாதிப்பேருக்குச் சிறு படக்கதைப் புத்தகங்கள் மட்டும்; மறுபாதிக்கு அதே புத்தகங்களோடு, மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகரோடு மூன்று வாரத்தில் நாலைந்து சந்திப்புகள். செய்தது என்னவோ எளிய விஷயம். பிரச்சினையைப் பிரித்துப் பார், வழிகளை எழுது, ஒன்றைச் செய்துபார். "அப்பா குடிச்சுட்டு வந்து சத்தம் போடுறாரு, படிக்க முடியல" என்று நம் ஊர்ப் பையன் ஒருவன் சொல்கிறான் என்று வையுங்கள். அப்பாவின் குடியை நிறுத்துவது அவன் கையில் இல்லை. விடியற்காலை எழுந்து படிப்பதும், சாயங்காலம் சித்தப்பா வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவதும் அவன் கையில் இருக்கிறது. ஒரு வாரம் திண்ணையில் படித்துப் பார்க்கிறான். கொசுக்கடி. அடுத்த வாரம் வேறு வழி.

ஆறு வாரம் கழித்து, மாணவர்கள் தாங்களே சொன்ன பிரச்சினைகளின் கனம் ஆலோசனை பெற்றவர்களிடம் கூடுதலாகக் குறைந்திருந்தது. பொதுவான மனநல அறிகுறிகளை அளக்கும் கேள்வித்தாளிலோ அப்போது தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் ஒளிக்காமல் எழுதினார்கள். என்னைக் கேட்டால், அந்த இரண்டாவது வரிக்காகவே முதல் வரியை நம்புவேன்.

நல்லது என்று எல்லோரும் நினைத்தது தேறாமல் போவதும் உண்டு. பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து, மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சியைச் சோதித்தார்கள். உணர்வுகளையும் பழகும் விதத்தையும் பற்றிப் பள்ளிகள் வழக்கமாக நடத்தும் பாடங்களைவிட அது மேலானதாக இல்லை என்று 2022-ல் தெரிந்தது. அரை நூற்றாண்டில் நடந்த 447 ஆய்வுகளை 2017-ல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வைஸ் குழு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை பெற்ற ஒரு பிள்ளை, ஒப்பீட்டுக் குழுப் பிள்ளையைவிட நன்றாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 63. ஐம்பது என்றால் பூவா தலையா. பதற்றத்துக்குப் பலன் நன்றாகவே தெரிந்தது. மனச்சோர்வுக்கு அவ்வளவு இல்லை.

அளக்கும் கோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலக் கேள்வியை வரிக்கு வரி மாற்றி, 'செயல்களில் ஆர்வம் அல்லது இன்பம் குறைந்துள்ளதா' என்று கேட்டால் மன்னார்குடிப் பெண் முழிப்பாள். "எதுலயும் மனசு ஓடலையா?" என்றால் உடனே தலையாட்டுவாள். பலர் அதுவும் சொல்ல மாட்டார்கள். "தலை வலிக்குது டீச்சர்" என்பதோடு சரி. அதனால் மொழிபெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத ஒருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பார்கள், அப்புறம் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து 'இதுக்கு என்ன அர்த்தம்னு நினைச்சே?' என்று கேட்பார்கள். சலிப்பான வேலைதான், இதில் அவசரப்பட்ட ஆய்வுகளை நான் மதிப்பதில்லை.

மனச்சோர்வுக்கான பிரபலமான ஒன்பது கேள்வித் தாளில் கடைசிக் கேள்வி, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா என்பது. அதில் ஒரு பிள்ளை 'இல்லவே இல்லை' என்பதைத் தவிர வேறு எதைக் குறித்தாலும் அங்கே குலுக்கல் கிடையாது, காத்திருப்பும் கிடையாது. அன்றே யாராவது தனியாக உட்கார்ந்து பேச வேண்டும், மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்; 14416 என்ற அரசு உதவி எண்ணையும் கையில் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரை ஆய்வில் சேர்ப்பதென்றால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

கடைசியாக, காணாமல் போகிறவர்கள். ஆறு மாதம் கழித்து அளக்கப் போனால் நாலைந்து பேர் பள்ளியில் இருக்க மாட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பான். இருப்பவர்களை மட்டும் எண்ணினால் எந்தச் சிகிச்சையும் பிரமாதமாகத்தான் தெரியும், சாய்ந்த கதிரை விட்டுவிட்டு நிற்கும் கதிரை மட்டும் அறுத்து மகசூல் சொல்வது மாதிரி. எனவே எந்தக் குழுவில் சீட்டு விழுந்ததோ அந்தக் கணக்கில்தான் அவனும் நிற்கிறான், ஆலோசனைக்கு ஒருநாள்கூட வராதவனாக இருந்தாலும். அவனுடைய எண்ணைத் தேடிப் பிடித்து, நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியம் வாக்கில் போன் செய்து, அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்க வேண்டும். கேட்கிறவருக்கு அவன் எந்தக் குழு என்று தெரிந்திருக்கக் கூடாது.