குடையைக் கண்டால் குதிரை ஏன் மிரள்கிறது?

ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியா கிரகரி வாவிக்கரையில் குதிரைச் சவாரிக்குக் கூட்டம் மொய்க்கும். மழையும் சொல்லிக்கொண்டு வராது. யாராவது படீரெனக் குடையை விரிப்பார். குதிரை பக்கவாட்டில் துள்ளும். 1875 முதல் பந்தயத் திடல் உள்ள ஊர்தான். ஆனாலும் உடனே வரும் தீர்ப்பு "முரட்டுக் குதிரை" என்பதே. முரடு எங்கே வந்தது? அது பயம்.

கொம்பில்லாத புல்மேயும் விலங்குக்கு ஓட்டமே காவல். தலையின் இருபக்கமும் கண்கள் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை வரை அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் மறைவு. அசைவைப் பிடிப்பதில் அந்தக் கண் கெட்டி. அசைந்தது என்னவென்று நுணுகிப் பார்ப்பதில் நம் கண்ணுக்கு ஈடாகாது. அதனால் முதலில் விலகும், பிறகுதான் திரும்பிப் பார்க்கும்.

நம் பயமும் அதற்குத் தொற்றும். சுவீடனில் நடந்து 2009இல் வெளியான ஆய்வொன்றில், குதிரையோடு போகிறவர்களிடம் கடைசி நடையில் மட்டும் வழியில் குடை விரிக்கப்படும் என்று சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத்துடிப்பு ஏறியது. அந்தப் பேச்சே புரியாத குதிரையின் துடிப்பும் கூடவே ஏறியது.

அடித்துப் பழக்குவது இங்கேதான் கெடுகிறது. குடையோடு வலியும் சேர்ந்துகொள்ள, அடுத்த தடவை பயம் இரட்டிப்பாகும். மடக்கிய குடையோடு எட்டவே நில்லுங்கள். குதிரை கழுத்தை விறைத்து, இரு காதுகளையும் குடைப்பக்கம் நீட்டும். இன்னும் ஓடவில்லை, அந்த எல்லையைத் தாண்டக்கூடாது. கழுத்து தாழ்ந்து காது தளர்ந்த கணமே குடையை விலக்கிவிட வேண்டும். தொல்லை எப்போது நீங்குகிறதோ, அதற்குச் சற்றுமுன் தான் செய்ததையே குதிரை பாடமாக எடுத்துக்கொள்ளும். துள்ளும்போது குடையை மறைத்தால், துள்ளினால் குடை போய்விடும் என்றுதான் கற்கும். கயிற்றை இழுப்பதற்கும் இதே கணக்கு: ஓரடி வைத்ததும் தளர்த்த வேண்டும்.

இடையிடையே பிடரிமயிர் முடியும் தோள்மேட்டைச் சொறிந்துவிடலாம். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கழுத்தில் பளார் பளாரென்று தட்டிக்கொடுப்பது நம் திருப்திக்குத்தான்.

பிறகு பாதி விரித்த குடை, அதன்பின் முழுக்குடை. இடப்பக்கம் பழகிய குடை வலப்பக்கம் வந்தால் புதுப்பொருளாகவே தோன்றலாம். அங்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விரித்த குடைமேல் மழை கொட்டும் சத்தத்துக்குத் தனியாகப் பழக்க வேண்டும்.