சுட்ட பித்தளைக் கூடு பழைய அளவுக்குத் திரும்புவது எப்படி?

அமெரிக்காவில் இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோர் பலர், சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைச் சேகரித்து, புதிய பிரைமரும் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துகிறார்கள். அதற்குமுன், விரிந்துவிட்ட கூட்டை அமுக்கிச் சுருக்கியாக வேண்டும். அந்த வேலையில் உலோகத்தின் இயல்பு முழுவதும் வெளிப்படுகிறது.

கூடு 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளை. 9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர வரையறை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. சுடும்போது அந்த அழுத்தத்தில் கூட்டின் மெல்லிய சுவர் உப்பி, துப்பாக்கி அறையின் எஃகுச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் தணிந்ததும் பித்தளை மீள்தன்மையால் சற்றே சுருங்குவதால்தான் கூடு அறையிலிருந்து எளிதில் வெளியே வருகிறது. ஆனால் மீள் எல்லையைத் தாண்டிய விரிவு நிலைத்துவிடுகிறது.

இந்தக் கூட்டை டை எனப்படும் கடினமான அச்சுக்குள் பிரஸ் கொண்டு அழுத்துவார்கள்; பழைய பிரைமரையும் அதே வீச்சில் ஓர் ஊசி வெளியே தள்ளிவிடும். டையின் உள்விட்டம், வேண்டிய அளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஏனெனில், அறையிலிருந்து கூட்டை விடுவித்த அதே மீள்தன்மை, டையிலிருந்து வெளிவரும்போது அதைச் சற்று விரியச் செய்கிறது. எஃகு டையில் மசகு பூசாவிட்டால் கூடு சிக்கிக்கொள்ளும்; டங்ஸ்டன் கார்பைடு வளையம் பதித்த டையில், நேர்ச்சுவர் கொண்ட கைத்துப்பாக்கிக் கூடுகளுக்குப் பொதுவாக மசகு தேவையில்லை. சுருக்கம் போதாவிட்டால் கூட்டின் வாய் குண்டை இறுகப் பற்றாது. துப்பாக்கிக்குள் ஏறும்போது குண்டு உள்ளே தள்ளப்பட்டு, வெடிமருந்துக்குரிய இடம் குறைந்து, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். ஆகவே இதை நான் வெறும் ஆயத்த வேலையாகக் கருதவில்லை.

ஒவ்வொரு விரிவும் சுருக்கமும் படிகங்களுக்குள் பிறழ்வுகளை, அதாவது அணு வரிசையின் குறைகளை, பெருக்குவதால், பித்தளை இறுகி நெகிழ்வை இழந்து, பெரும்பாலும் வாய்ப்பகுதியில் முதலில் விரிசல் விடுகிறது. உலோகத்தில் தங்கும் உள்தகைவு (உள்ளேயே தேங்கி நிற்கும் விசை) வேறொரு தீங்கையும் விளைவிக்கும். 19ஆம் நூற்றாண்டில், பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும் உள்தகைவும் சேர்ந்ததே காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. அமோனியா கலந்த மெருகுத் திரவங்களால் கூடுகளைத் துலக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.